வேரோடு விழுந்த பல்

சொட்டு விழுகிறது. பார்க்காதே என்று சொல்லிக்கொண்டாலும் கண் அங்கேதான் போகிறது. தலைக்கு மேல் கம்பியில் தொங்குகிற பாட்டிலில் இருப்பது வெறும் உப்புத் தண்ணீர், அது ஏறி முடிந்த பிறகுதான் மருந்து என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் சிஸ்டர் சுபா. "முதல்ல உடம்புல தண்ணி ஏறணும்க்கா, இல்லேன்னா கிட்னிக்குப் பாரம். இது முடியவும் சின்ன பாட்டில் ஒண்ணு மாட்டுவேன். வருசத்துக்கு ஒருக்காதான். அப்புறம் பாருங்க, எலும்பு இரும்பு மாரி ஆயிரும்." இரும்பு. பாளையங்கோட்டையில், எலும்புக்கென்றே கட்டிய ஒரு ஆஸ்பத்திரியின் முதல் மாடியில், சன்னலோரக் கட்டிலில், இரும்பாவதற்காகப் படுத்திருக்கிறேன். சண்முகவடிவு, நாற்பத்து மூன்று வயது, கல்லூரியில் உயிர்வேதியியல் ஆசிரியை. இடது கையில் ஊசி. வலது கை சும்மா கிடக்கிறது. இந்தப் பாட்டில் காலியாவதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். முடிவு எடுத்தாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர் எடுத்தார், என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார், அவர் ஆட்டியதைப் பார்த்து நானும் ஆட்டினேன். ஆட்டிய தலையை இனி எப்படி நிறுத்துவது என்று இருக்கிறது. ஏன் நிறுத்த முடியாது? கழுத்து என்னுடையதுதானே.

தண்ணீர் சில்லென்று முழங்கை வரை ஏறுகிறது. வெளியே ஒரு ஆட்டோ விடாமல் ஹாரன் அடிக்கிறது. என் வீட்டுக்காரர் கோமதிநாயகம் இளநீர் வாங்கக் கீழே போயிருக்கிறார், அவர் பை நாற்காலியில் அவரைப் போலவே ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வருஷத்தில் மூன்று தடவை பாதத்தில் எலும்பு விரிசல் விட்டுவிட்டது எனக்கு. விழவில்லை, இடிக்கவில்லை, மாடிப்படியில் தவறவில்லை. கரும்பலகைக்கும் மேஜைக்கும் நடுவில் நடந்ததற்குத் தண்டனை. டாக்டர் ராஜசிம்மன் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, "அடர்த்தி கொறஞ்சு போச்சு மேடம், ஒரு மருந்து இருக்கு, ஏத்திருவோம்" என்றார். நல்ல மனுஷன், குரலிலேயே பாதி நோயை விரட்டுகிற ஆள். அவரிடம் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், அதான் ஏ.எல்.பி., ரொம்பக் கம்மியா இருக்கே டாக்டர்?" அவர் சிரித்தார். "அது கூடுனாத்தான் மேடம் கவலை. கொறஞ்சா சந்தோசப்படுங்க. நீங்க பாடம் எடுங்க, எலும்ப நான் பாத்துக்கிடுதேன்." இருந்தாலும் என் முகத்தைப் பார்த்து லேபுக்கு போன் போட்டார். அங்கே யாரோ ஒருவர் நிம்மதியான குரலில் காரணம் சொன்னார். ஊதா மூடிக் குழாய் ரத்தம், இந்தப் பரிசோதனைக்கான மஞ்சள் மூடிக் குழாயில் கலந்திருக்கும் என்றார். அந்தத் தப்பு எனக்குத் தெரியும். ரத்தம் எடுக்கிறவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்ய முடியாத தப்பு அது. மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தம் போதவில்லை என்றால் இன்னொரு தடவை குத்த மனசில்லாமல், ஊதா மூடியிலிருந்து கொஞ்சம் சாய்த்து ஊற்றிவிடுவார்கள். இரண்டும் ஒரே ஆளின் ரத்தம்தானே என்று நினைப்பு. ஆனால் ஊதா மூடிக்குள் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு உப்பு வைத்திருக்கிறார்கள், அது கண்ணில் பட்ட உலோகத்தையெல்லாம் கவ்விக்கொள்ளும். துத்தநாகமும் மெக்னீசியமும் இல்லாமல் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்கிற நொதி வேலை செய்யாது. படுத்துவிடும். இயந்திரம், நொதியே இல்லை போலிருக்கிறது என்று குறைத்துக் காட்டும். வருஷா வருஷம் நானே வகுப்பில் சொல்கிற கதை. அதனால் அதைக் கேட்டதும் எனக்கும் நிம்மதியாகிவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை, குழாய்க்குத்தான் ஏதோ கோளாறு என்று நம்ப யாருக்குத்தான் ஆசை இருக்காது.

சொட்டு. சொட்டு. நம்பியாகிவிட்டதே, பின்னே ஏன் உறுத்துகிறது? தூத்துக்குடியில் பிறந்தவளுக்கு உப்பு இறங்குவதைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டாம். பாத்தியில் கடல்தண்ணீர் காய்ந்து காய்ந்து கெட்டியாகி, இனித் தாங்காது என்கிற பதத்தில் பொலபொலவென்று உப்பு இறங்கும். நம் உடம்புத் தண்ணீரும் அந்தப் பதத்தில்தான் எப்போதும் நிற்கிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் அத்தனை கெட்டியாக ஓடிக்கொண்டிருக்கின்றன. நியாயமாகப் பார்த்தால் நாமெல்லாம் காலையில் எழுந்திருக்கும்போது கல்லாகியிருக்க வேண்டும், காது கல், கண் கல், தோல் கல். ஆகவில்லை. ஏனென்றால் பைரோபாஸ்பேட் என்று ஒன்று, இரண்டு பாஸ்பேட் கைகோத்த மாதிரி, எங்கே உப்பு இறங்கப் பார்த்தாலும் அங்கே போய் நின்று தடுத்துவிடுகிறது. எலும்பு வேண்டிய இடத்தில் மட்டும் அந்தத் தடையை நீக்கியாக வேண்டும். அதற்குத்தான் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ். எலும்பு கட்டுகிற செல் அதை வெளியே நீட்டி வைத்திருக்கிறது, அது பைரோபாஸ்பேட்டின் கோத்த கையை வெட்டிவிடுகிறது. தடுத்தவனும் போனான், அவனை வெட்டிய துண்டே பாஸ்பேட்டாகிக் கட்டுமானத்துக்கும் உதவுகிறது. இந்த இடத்தில் வருஷா வருஷம் கடைசி பெஞ்சு கூடத் தலை நிமிர்ந்து பார்க்கும். நொதி போதவில்லை என்றால்? எலும்பின் நார்வலை இருக்கும், அதில் உப்பு இறங்காது. எலும்பு என்று பேர் இருக்கும். அப்புறம் இந்த மருந்து. சிஸ்டர் சுபா கொண்டுவரப் போகிற சின்ன பாட்டில். அதுவும் பைரோபாஸ்பேட்டைப் பார்த்துச் செய்ததுதான், அச்சு அசல் அதே ஜாடை, ஆனால் கை கோத்த இடத்தில் ஆக்சிஜனுக்குப் பதில் கார்பன். எந்த நொதியாலும் வெட்ட முடியாது. எலும்பில் போய் ஒட்டிக்கொண்டால் வருஷக்கணக்கில் இறங்காது. எலும்பைக் கரைக்கிற செல்களை அது அடக்கி வைக்கும், வயதாகி எலும்பு கரைந்து மெலிந்தவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து, நான் மறுக்கவில்லை. பக்கத்துக் கட்டில் ஆச்சிக்கு அது ஏறட்டும், நன்றாக நடக்கட்டும். ஆனால் எனக்குக் குறை நொதியில் என்றால்? வெட்ட ஆளில்லாமல் ஏற்கெனவே தடை குவிந்து கிடக்கிற வீட்டுக்குள், வெட்டவே முடியாத இன்னொரு தடையை நானே கை நீட்டி ஏற்றிக்கொள்வேனா? விரிசல் விட்ட இடம் அப்புறம் எதை வைத்துக் கூடும்? லேப் சொன்னது சரி என்றால் இது மருந்து. தப்பு என்றால் விஷம். நடுவில் ஒன்றும் இல்லை.

தொடை வலிக்கிறது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதமாக, இரண்டு தொடையிலும், வெளிப்புறம், சதையில் இல்லை, அடியில். கட்டிலில் படுத்திருக்கும்போதே வலிக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, சொன்னால் என்ன, நன்றாகவே பயமாக இருக்கிறது. அம்மாவுக்கும் இங்கேதான் வலித்தது. அம்மா விழுந்து தொடை முறியவில்லை, முறிந்ததால்தான் விழுந்தாள். ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தவள் பையைக் கீழே வைக்கக் குனிந்தாள், அவ்வளவுதான். பார்த்தவர்கள் எல்லோரும் தலை சுற்றி விழுந்துவிட்டாள் என்றார்கள். அம்மா மட்டும், "இல்லட்டி வடிவு, மொதல்ல உள்ள என்னமோ டக்குன்னுச்சு, அப்புறந்தான் விழுந்தேன்" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். யார் கேட்டார்கள்? கால்சியம் போதவில்லை என்றார்கள். முட்டை கொடு, பால் கொடு, ராகிக் கஞ்சி கொடு என்றார்கள். மாத்திரையும் பாலும் உள்ளே போய்க்கொண்டே இருந்தன, கால் கூடவில்லை. இரண்டாவது காலும் கட்டிலில் புரளும்போது போயிற்று. அவள் சொன்னது அத்தனையும் சரி, அதற்கு ஒரு பெயர் இல்லாமல் போனதுதான் குறை. முப்பது வயதிலேயே கட்டுப்பல் வைத்திருந்தாள் அம்மா. இரவில் தம்ளரில் போட்டு வைப்பாள். பல் செட்டைக் கழற்றினால் என் அம்மாவுக்கு வேறு முகம்.

பல். ஆமாம், பல். ஏன் இப்போது இந்த நினைப்பு? மூன்று வயது எனக்கு. எனக்கே நினைவிருக்கிறதா, அம்மா சொல்லிச் சொல்லி நினைவானதா என்று தெரியவில்லை. ஆனால் வாயில் அந்த உப்புக் கரிப்பு இப்போதும் வருகிறது. சீனிமிட்டாய் கடித்தேனாம், கீழ் முன்பல் ஒன்று அப்படியே கையோடு வந்துவிட்டது. மற்ற பிள்ளைகளுக்குப் பால்பல் விழுந்தால் அரிசி மாதிரி சின்னதாக, அடியில் ஒன்றுமில்லாமல் இருக்கும். வேர் கரைந்த பிறகுதான் விழும். எனக்கு விழுந்தது முழு வேரோடு, நீளமாக. பல் விழுந்தால் சாணி உருண்டைக்குள் வைத்து ஓட்டுமேல் எறிய வேண்டும், அப்போதுதான் புதுப்பல் ஒழுங்காக முளைக்கும். எங்கள் தெரு முழுக்க அதுதான் வழக்கம். எதிர்வீட்டு இசக்கியம்மாள் சித்தி அந்தப் பல்லைப் பார்த்ததும், "வேரோட விழுந்தத வீட்டுமேல எறியாதக்கா, குடும்பத்துக்கு ஆவாது, கொண்டு போய்க் கடல்ல போட்டுட்டு வா" என்றாளாம். நாலைந்து பொம்பளைகள் கூடிவிட்டார்கள். அம்மா சாணியை உருட்டினாள், பல்லை உள்ளே வைத்தாள், நட்டநடு மத்தியானத்தில் தெருவில் இறங்கி நின்று, எல்லோரும் பார்க்க, ஓங்கி எறிந்தாள். "எம்பிள்ள பல்லு, எங்கூரை. எவளுக்கு என்ன?" அதற்கப்புறம் நாலு வயதுக்குள் இன்னும் நாலு பல் விழுந்தது, எல்லாம் வேரோடு. அத்தனையும் ஓட்டுமேல்தான் போயிற்று. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பொக்கைச்சி என்று பெயர். வாயைப் பொத்திக்கொண்டு சிரி என்று டீச்சர் சொன்னாள். நான் பொத்தவில்லை. இன்றைக்கும் பொத்துவதில்லை, என் சிரிப்பு மூன்றாவது வகுப்பறை வரை கேட்கும் என்று பிரின்சிபாலே சொல்லியிருக்கிறார். வேர் ஏன் கரையவில்லை என்று இத்தனை வருஷம் யோசித்ததில்லையே. பல்லை எலும்போடு ஒட்டி வைக்கிற பூச்சு ஒன்று இருக்கிறது, அதில் உப்பு இறங்காவிட்டால் பல் பிடிமானம் இல்லாமல் முழுசாகக் கழன்று வரும். உப்பு இறங்காவிட்டால். அதே உப்பு. அதே நொதி.

பாட்டில் பாதிக்குக் கீழே போய்விட்டது. நிதானம் வடிவு. ஒரு பல்லை வைத்து டாக்டரிடம் சண்டை போட முடியுமா? சாணி உருண்டை சாட்சி சொல்லுமா? சிரிப்பார். கதவருகே போன சிஸ்டர் சுபா கட்டைவிரலை உயர்த்தி, "ஆச்சா?" என்று சைகையில் கேட்கிறாள். நானும் கட்டைவிரலை உயர்த்துகிறேன். எதற்கு உயர்த்தினேன்? எதையாவது கேட்டால் உடனே சரி என்று சொல்கிற இந்தக் கை எங்கிருந்து வந்தது? வகுப்பில் நான் இப்படியா? வகுப்பில் எனக்குக் கொதிச்ச பால் என்று பெயர், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெயர் வந்ததும் இந்த நொதியால்தான். இரண்டாம் வருஷப் பிள்ளைகளுக்கு ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் செய்முறை. பச்சைப் பாலில் அது உண்டு, நிறமில்லாத திரவத்தில் பச்சைப் பாலை விட்டால் கொஞ்ச நேரத்தில் மஞ்சள் நிறம் ஏறும், கொதித்த பாலில் நொதி செத்துவிடும், நிறம் ஏறாது. அந்த வருஷம் கறந்த பால் கிடைக்காமல் போய், சரி ஆசிரியர்கள் ரத்தத்தையே வைத்துச் செய்வோம் என்று நானும் கணிதத் துறை ரெஜினாவும் கையை நீட்டினோம். லேப் உதவியாளர் எடுத்தார். ரெஜினாவின் குழாய் எலுமிச்சம்பழம் மாதிரி மஞ்சளாயிற்று. என்னுடையது வெறும் தண்ணீர் மாதிரியே நின்றது. "மேம், உங்க ட்யூப் மட்டும் ஒண்ணுமே ஆகல" என்றது ஒரு பிள்ளை. பின்னாலிருந்து இன்னொன்று மெதுவாக, "எங்க மேம் எப்பவும் கொதிச்சுக்கிட்டே இருப்பாங்கல்லா, அதான்." எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன், மூன்றாவது வகுப்பறை வரை கேட்கிற மாதிரி. யாரோ திரவத்தைக் கலக்க மறந்திருப்பார்கள் என்று விட்டுவிட்டோம். அந்த ரத்தம் எந்தக் குழாயில் எடுத்தது? வெறும் கண்ணாடிக் குழாய். ஊதா மூடி இல்லை. ஊதா மூடி எங்கள் லேபிலேயே கிடையாது. அப்போ அந்தத் தப்பு அங்கே நடக்க வழியே இல்லை. மூன்று வயதில் ஒரு தடவை சொன்னது, வகுப்பறையில் ஒரு தடவை சொன்னது, இப்போது இயந்திரத்தில் மூன்றாவது தடவையாகச் சொல்கிறது. என் உடம்பு சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் யாரோ ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். ஆனாலும், ஆனாலும். இயந்திரம் பார்த்தது கலப்பட ரத்தமில்லை என்று நான் எப்படி நிரூபிப்பேன்? பல்லும் வகுப்பும் என் நினைவு. அவருக்கு வேண்டியது அவருடைய ஆஸ்பத்திரியில், அவருடைய குழாயில் ஒரு சாட்சி.

இளநீர் வந்துவிட்டது. கோமதிநாயகம் ஒரு கையில் காய், ஒரு கையில் குழல், நெற்றியில் வியர்வை. "வெயிலு என்னா போடு போடுது. இந்தா, ரெண்டு மடக்கு குடி." கட்டிலை ஒட்டி நின்று குழலை என் வாயருகே நீட்டுகிறார், சின்னப் பிள்ளைக்கு நீட்டுகிற மாதிரி. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் இந்த மனுஷன் என்னைச் சத்தம் போட்டுப் பேசியதில்லை, எனக்காக யாரையும் சத்தம் போட்டதுமில்லை. இரண்டாவதுதான் எனக்குக் கோபம். பக்கத்துக் கட்டில் ஆச்சி எட்டிப் பார்த்து, "எனக்கு எளனி குடிக்கக் கூடாதுன்னுட்டாங்கய்யா. பொட்டாசியம் கூடிப்போச்சாம்" என்று ஏக்கமாகச் சொல்கிறாள். அவர் உடனே, "இவளுக்கு ஒண்ணும் இல்ல ஆச்சி. டாக்டரே சொன்னாரு, பொட்டாசியம் கால்சியம் எல்லாம் கரெக்டா இருக்கு, எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாம்னு" என்கிறார். குழல் என் உதட்டில் நிற்கிறது. உறிஞ்சவில்லை. "என்ன சொன்னீங்க?" "பொட்டாசியம் சரியா இருக்குன்னு. ஏன், என்ன?" பொட்டாசியம் சரியாக இருக்கிறது. கால்சியம் சரியாக இருக்கிறது. ஊதா மூடிக்குள் இருக்கிற அந்த உப்பு என்ன உப்பு? பொட்டாசியத்தின் உப்பு! அதில் கொஞ்சம் கலந்தாலும் பொட்டாசியம் எகிறும், மனுஷன் உயிரோடு இருக்க முடியாத அளவுக்கு எகிறும். அது கவ்வுகிற உலோகத்தில் முதல் பலி கால்சியம், அது தரைமட்டத்துக்கு இறங்கும். இரண்டும் நடக்கவில்லை. ஒரே கை, ஒரே ஊசி, ஒரே மஞ்சள் குழாய். பொட்டாசியத்துக்கு நல்ல ரத்தமாக இருந்தது நொதிக்கு மட்டும் கலப்பட ரத்தமாகிவிடுமா? யாரும் ஊற்றவில்லை. எவரும் எதையும் சாய்த்து ஊற்றவில்லை. பாவம் அந்த ரத்தம் எடுத்த பிள்ளை, செய்யாத தப்பை அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள். என் நொதி உண்மையிலேயே குறைந்திருக்கிறது. இளநீரை உறிஞ்சுகிறேன். வழுக்கை கரைந்த இனிப்பு. இத்தனை ருசியாக ஒரு இளநீரை நான் குடித்ததில்லை.

மேலே பாட்டிலின் கழுத்தில்தான் தண்ணீர் மிச்சம் இருக்கிறது. சிஸ்டர் சுபா வந்துவிட்டாள், கையில் சின்ன பாட்டில், இவ்வளவு சின்னதா, உள்ளங்கையில் அடங்கிவிடும். குழாயில் சொட்டைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னச் சக்கரம் உண்டு, அவள் அதைத் தொடுவதற்கு முன் என் வலது கட்டைவிரல் போய் அதை இறுக்கிவிடுகிறது. சொட்டு நின்றது. "என்னக்கா, கை வீங்குதா?" "இல்ல சிஸ்டர். நாந்தான் நிறுத்தினேன். அந்த பாட்டில மாட்டாதீங்க." என் வீட்டுக்காரர் இளநீரோடு அப்படியே நிற்கிறார். "ஏ வடிவு, என்ன பண்ணுத? டாக்டர் கோவப்படப் போறாரு." படட்டும். எனக்கும் படத் தெரியும். சிஸ்டர் சுபா போய் அவரை அழைத்து வருகிறாள், வரும்போதே அந்தக் குரல் வருகிறது. "என்ன மேடம், கடைசி நேரத்துல பயமா? எல்லாருக்கும் வரும்." குரல் மார்பில் இடிக்கிறது. ஒரு நொடி என் தலை ஆடப் பார்க்கிறது, ஆமாம் டாக்டர், சும்மா ஒரு பயம், ஏற்றிவிடுங்கள் என்று சொல்ல நாக்கு தயாராக இருக்கிறது. நடுத்தெருவில் நின்று ஓங்கி எறிந்தவளின் கை நினைவுக்கு வருகிறது. "பயம் இருக்கு டாக்டர். ஊசிக்கு இல்ல. ஏ.எல்.பி. பாத்த அதே குழாய்லதான பொட்டாசியமும் பாத்தாங்க?" "ஆமா, அதுக்கென்ன?" "ஊதா மூடி ரத்தம் கலந்திருந்தா என் பொட்டாசியம் எங்க போயிருக்கணும்? கால்சியம் எங்க இறங்கியிருக்கணும்? நீங்க என்னைய இளநீர் குடிக்கச் சொல்லியிருப்பீங்களா?" அவர் இளநீரைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "லேப்ல அப்படித்தான சொன்னாங்க..." "அவங்க பாத்துச் சொல்லல, சமாதானம் சொன்னாங்க. எனக்கு மூணு வயசுல பல்லு வேரோட விழுந்துச்சு டாக்டர். எங்கம்மா தொடை நின்ன நெலயில முறிஞ்சுச்சு. எனக்கு ரெண்டு தொடையும் இப்ப வலிக்குது. நொதி கொறஞ்ச எலும்புல இந்த மருந்து போனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

அவர் முகம் சிவந்தது. "தொடை வலி இருக்குன்னு ஏன் முன்னமே சொல்லல? அத மறைச்சுட்டு இப்ப எனக்குப் பாடமா? இத்தன வருசமா எத்தன பேருக்கு இத ஏத்தியிருக்கேன், நடக்க முடியாம வந்தவங்க நடந்து போயிருக்காங்க." "நடந்திருப்பாங்க. அவங்க எலும்பு வேற." "சரி, நாளைக்குத் தொடை முறிஞ்சு வந்து நின்னா?" குரல் ஏறிவிட்டது, ஆச்சி போர்வையை இழுத்துக்கொள்கிறாள். நான் எழுந்து உட்காருகிறேன். "எந்தொடை. எலும்பு என்னுது. மறுபடி ரத்தம் எடுத்துப் பாருங்க டாக்டர். ஏ.எல்.பி. சரியா வந்துச்சுன்னா நானே வந்து இந்தக் கட்டில்ல படுத்துக் கைய நீட்டுதேன். அதுக்கு முன்னால ஒரு சொட்டு ஏறாது." வெளியே ஆட்டோ கூட ஹாரனை நிறுத்திவிட்டது. அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல், சத்தமில்லாத குரல், ஆனால் கேட்கிற குரல். "எடுத்துப் பாத்துருவோமே சார். அவ சும்மா சொல்ல மாட்டா." கோமதிநாயகம். கையில் இளநீர்க்காயோடு டாக்டரை நேராகப் பார்த்து நிற்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது, துடைக்கவில்லை. டாக்டர் என்னைப் பார்க்கவில்லை, சிஸ்டர் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். "அத ட்ரேயில வை. ரத்தம் எடு. தொடைக்கு ரெண்டு பக்கமும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சிஸ்டர் சுபா தட்டோடு வருகிறாள். ஊசி, பஞ்சு, இரண்டு குழாய்கள். பழக்கத்தில் ஊதா மூடியையும் எடுத்து வந்திருக்கிறாள். "அத உள்ள வைங்க சிஸ்டர். இன்னைக்கு மஞ்சள் மட்டும் போதும்." அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைத் தட்டிலிருந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறாள். உப்புத் தண்ணீர் ஏறிய இடது கை வேண்டாம், வலது கையை நீட்டுகிறேன், சற்று முன்பு கட்டைவிரலை உயர்த்திய அதே கை. ரப்பர் பட்டி இறுகுகிறது, நரம்பு புடைக்கிறது. என்ன வரும் என்று எனக்குத் தெரியும். குறைவாகத்தான் வரும். வந்தால் இந்த மருந்து இல்லை, வேறு என்ன என்று தேட வேண்டும், கிடைக்குமா, கிடைத்தாலும் நமக்கு எட்டுமா, ஒன்றும் தெரியாது. தொடை இன்றைக்கு இரவும் வலிக்கும். ஆனால் அம்மாவுக்கு இல்லாமல் போன பெயர் எனக்குக் கிடைக்கும். ஊசி உள்ளே போகிறது, குழாயின் அடியில் ரத்தம் ஏறத் தொடங்குகிறது. "வலிக்காக்கா? போதுமா, நிறுத்தட்டா?" என்கிறாள். நான் வாயைப் பொத்தாமல் சிரிக்கிறேன், பக்கத்துக் கட்டில் ஆச்சி திரும்பிப் பார்க்கிறாள். "நிறுத்தாதீங்க சிஸ்டர். நிறைய எடுங்க. விளிம்பு வரைக்கும் எடுங்க."